பிடரியில் கட்டப்பட்ட வீடு

உலகத்தில் இதுவரை கட்டப்பட்ட வீடுகளில் அதிசயமானது என் வீடுதான் என்று துணிந்து சொல்வேன். அதற்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, ஒரு கூடை மண்கூடச் செலவாகவில்லை. ஓர் அரசாங்க உத்தியோகத்தரின் பிடரிக்குள் இரண்டே நிமிடத்தில் அது கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் சேத மதிப்பீட்டு உத்தியோகத்தர் மசூர் சேர். அவருடைய அறிவைப் புகழ்வதற்காகவே பேனையை எடுத்திருக்கிறேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் அடித்த சூறாவளி, கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊர்த் தென்னைகளை முறித்துப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. என் வீட்டில் அது விட்டுவைத்தது மூலைக்கொன்றாக நட்ட நான்கு மரக் கப்புகளும், முன்பக்கத்து நிலையும், நிலையில் மாட்டிய கதவும். முதிரை மரக் கதவு. என் மனைவி ஜெமீலாவின் வாப்பா சீதனமாகச் செய்து கொடுத்தது.

மகள் றாஹிலா பிள்ளை பெற்று அன்றைக்குப் பதினேழு நாள். பள்ளிக்கூடத்தில் அகதிச் சனம் ஆளுக்கு மேல் ஆளாகக் கிடந்தது. பச்சை உடம்புக்காரியை அங்கே வைக்க முடியாது. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் தாயும் மகளும் குழந்தையும் அந்தக் கதவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். வீடு முழுதாய் அழிந்தவர்களுக்கு இருபது கூரைத் தகரம் கொடுப்பார்கள் என்று கேள்வி. மாரி மழை இறங்குமுன் அந்தத் தகரம் கைக்கு வர வேண்டும். எங்களுடைய ஆசை அவ்வளவுதான்.

தகரம் வரவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் என்று அழைப்பு வந்தது.

மசூர் சேர் கொழும்பில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய் வந்தவர். மதிப்பீட்டை இனி "விஞ்ஞான முறைப்படி" செய்யப்போவதாக அறிவித்துவிட்டு, "கண் பாக்கிறல்ல!" என்று தொடங்கினார்.

பக்கத்து வளவுக்காரன் பக்கீர் முகைதீன் என் காதுக்குள், "அப்ப மூக்கா மச்சான் பாக்கிற?" என்றான்.

"கண் வெறும் வாசல். பாக்கிறது மூளை. அதுவும் பிடரிப் பக்கத்து மூளை. அங்க கோடி கோடியாக் கலங்கள் இரிக்கி. ஒரு கலம் நிமிந்த கோட்டுக்கு மட்டும்தான் துடிக்கும். சாஞ்ச கோட்டக் காட்டினா அசையாது. அதுக்கு வேற கலம். மூலைக்கு இன்னொண்டு. ஒவ்வொண்டும் தன்ட துண்ட மேலுக்கு அனுப்பும். மேலுக்கு இரிக்கிறதுகள் எல்லாத்தையும் கூட்டி உருவமாக்கும். வெளங்குதா?"

எனக்கு நன்றாக விளங்கியது. கந்தோர் நடக்கிற விதமே அன்றைக்குத்தான் விளங்கியது. முத்திரை பார்க்கிறவருக்கு ஒப்பம் தெரியாது. ஒப்பம் பார்க்கிறவருக்கு ஆள் தெரியாது. கந்தோரை உண்டாக்கினவர் மூளையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உண்டாக்கியிருக்க வேண்டும்.

"சேர், தகரம் எப்ப வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பொறுங்க." கரும்பலகையில் சோக்கால் நான்கு மூலைகளை மட்டும் கீறினார். நடுவில் ஒன்றுமில்லை. "இது என்ன?"

"நாலு மூல, சேர்" என்றான் பக்கீர்.

"பிழை!"

சரியாகச் சொன்னவனுக்குத் தகரம் முதலில் கிடைக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. "பெட்டி, சேர்!" என்று கத்தினேன்.

"சபாஷ்! கோடு இல்லாத இடத்திலயும் மூள கோட்ட நிரப்பிக்கிடும். ஒங்கட பேரென்ன காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"கச்சிமுகம்மது, சேர்."

"காக்காவுக்குக் கை தட்டுங்க!"

வரம்பு கட்டிக் கை காய்த்துப்போன எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

மூன்றாம் நாள் அவர் என் வளவுக்கு வந்தபோது நான் சங்கக்கடையில் மாவுக்கு வரிசையில் நின்றேன். நடந்ததை, விழுந்த தென்னையில் குந்தியிருந்து பார்த்த பக்கீர்தான் சொன்னான்.

மசூர் சேர் ஒழுக்கமான மனிதர். வேலிப் படலை இருந்த இடத்தில் செருமினார். பிறகு கதவைத் தட்டினார். கதவுக்கு இந்தப் பக்கமும் கடற்காற்று, அந்தப் பக்கமும் கடற்காற்று. ஆனாலும் தட்டினார்.

"ஊட்டுல ஆரு?"

கதவு தட்டினால் எங்கள் பெண்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் ஜெமீலா செய்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, கதவோடு ஒட்டி நின்று, உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "ஆம்புளையள் ஒருத்தரும் இல்ல. பொறகு வாங்க."

உடனே சேர் பார்வையைத் தாழ்த்தி, மரியாதையாகத் திரும்பி நின்று எழுதத் தொடங்கினார். பக்கீருக்குப் பொறுக்கவில்லை.

"சேர், அங்கால சுத்திப் போய்ப் பாருங்க!"

"என்ன செல்லுற நீ? மத்தவண்ட ஊட்டுப் பொம்புளையள எட்டிப் பாக்கச் செல்லுறியா? வெக்கமில்ல?"

விஞ்ஞானத்தோடு மார்க்கமும் சேர்ந்தால் யார் எதிர்த்துப் பேசுவது?

பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். வாசித்துச் சொன்னவர்கள் என் பெயர் இல்லை என்றார்கள். கந்தோருக்கு ஓடினேன்.

"ஒங்களுக்கு ஊடு இரிக்கி" என்றார் மசூர் சேர்.

"செவர் இல்ல, சேர்."

"கதவு இரிக்கா?"

"இரிக்கி."

"செவர் இல்லாதவன் கதவு வெப்பானா? சரி, ஒங்கட பொஞ்சாதி எங்க நிண்டு பதில் செல்லின?"

"உள்ளுக்கு நிண்டு."

"உள்ளுக்கு! உள்ளுக்கு எண்டா ஊடுதானே காக்கா? நாலு கப்பக் கண்டா பெட்டி எண்டு முதல்ல செல்லினது ஆரு? நீங்கதானே! அறிக்கையில ஒங்கடத உதாரணமாக் காட்டியிரிக்கன்."

எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "மறு பரிசீலனைக்கு ஒருக்கா வாறன்" என்றார்.

வீட்டுக்கு வந்து, "கதவக் கழட்டி மறைச்சி வெப்பம் புள்ள. கதவு இல்லாட்டி அவருக்கு ஊடு தெரியா" என்றேன்.

ஜெமீலா என்னைப் பார்த்த பார்வை! "தகரத்துக்காக எங்கள நடுத்தெருவில நிப்பாட்டப் போறீங்களா? இந்தப் பலகையும் போனா நாங்க எங்க ஒதுங்குற?"

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மழை வந்தது. மழை படிக்காதது. அது கதவைத் தட்டவில்லை. வீட்டில் யார் என்று கேட்கவில்லை. மசூர் சேர் கட்டித் தந்த நான்கு சுவருக்குள்ளும் அவருடைய கூரைக்குள்ளும் நேராக இறங்கியது. குழந்தை விறைத்து, அழுகை நின்றுபோனது. ஜெமீலா தானே எழுந்து கதவைக் கழற்றினாள். இருவருமாக அதை ஒரு கப்பில் சாய்த்து வைத்தோம். அதன் கீழே றாஹிலா, பிள்ளையை வயிற்றோடு அணைத்து வளைந்து கிடந்தாள். முதுகு வெளியே நனைந்தது. பிள்ளைக்கு மெல்ல மெல்லச் சூடு வந்து அழத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மறுநாளும் தூறல் விடவில்லை. மசூர் சேர் சொன்ன சொல் தவறாமல் குடையோடு வந்தார். கதவு நின்ற இடம் வெட்டவெளி. தகரம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் சாய்ந்திருந்த பலகையைக் கண்டார். அதன் கீழே ஒரு பெண்ணின் கால் நீட்டியிருந்ததையும் கண்டார். கண்டதும் மரியாதையாகத் திரும்பி நின்று எழுதினார். பலகையின் கீழிருந்து பிள்ளை வீரிட்டு அழுதது. எழுதி முடித்துவிட்டுத்தான் போனார்.

என்ன எழுதினார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆறு வருடங்களுக்குப் பிறகு, காரைதீவு நல்லரெத்தினம் மாஸ்டர் நடத்திய முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தேன். எழுத்தும் நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, வளைவு, மூலைதான். என் பிடரிக்கு அது பிடிபட நாற்பத்தாறு வயதானது. பிடிபட்டதும், கந்தோரில் மன்றாடி வாங்கி, யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த அந்த அறிக்கைப் பிரதியை விரித்து நானே வாசித்தேன். முதல் வருகை: "வீடு உண்டு." இரண்டாம் வருகை: "சாய்வான கூரை புதிதாக இடப்பட்டுள்ளது. குடும்பத்தினர் உள்ளே வசிக்கின்றனர். உதவி தேவையில்லை." கீழே அழகான ஒப்பம்.

பார்ப்பதற்குப் பிடரிக்குள் கோடி கலங்கள் வேண்டும் என்று மசூர் சேர் படிப்பித்தார். அது உண்மையாகத்தான் இருக்கும். பாராமல் இருப்பதற்கு ஒரு பேனை போதும்.