ஐந்து பூட்டும் ஒரு தட்டு பெரோகியும்

அன்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டம் முழுவதிலும் மார்லிஸ் காத்து நின்ற வலையை நோக்கி வந்தவை மொத்தமே ஒன்பது அடிகள். அவற்றில் மூன்று உள்ளே போய்விட்டன. மூன்றாவது வட்டு இருக்கிறதே, அது யாரும் துரத்தாமல் ஆற அமர ஐஸில் சறுக்கி வந்து, அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் புகுந்து, வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஒன்பதுல மூணு!" உடைமாற்றும் அறையில் கோச் வெய்லன் வெள்ளைப் பலகையைத் தட்டினார். "இந்த ஊர்ல ஒரு வேலிக் கம்பத்தப் புடுங்கிட்டு வந்து நிறுத்தியிருந்தாக்கூட அதுல ஒண்ணத் தடுத்திருக்கும், மார்லிஸ்."

"வேலிக் கம்பத்துக்குக் குளிராது தம்பி. எனக்குக் குளிருது."

மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சறுக்குக் காலணியின் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார்கள்.

மார்லிஸுக்கு நாற்பத்தொரு வயது. பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஹால்பர்க் நரிகள் என்ற எங்கள் ஊர்ப் பெண்கள் ஹாக்கி அணிக்குப் பத்தொன்பது குளிர்காலமாக அவள்தான் கோல்கீப்பர். போன வருஷம்வரை ஒரு ஆட்டத்துக்கு நாற்பது அடி வரும், முப்பத்தெட்டைத் தடுப்பாள். தடுத்துவிட்டு, அடித்தவளைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று வேறு கேட்பாள்.

இந்தக் குளிர்காலம் ரெஜைனா நகரத்திலிருந்து புதுக் கோச் வந்தார். முப்பதுகூட ஆகவில்லை. மடிக்கணினி, கலர் பேனா, மூக்குக் கண்ணாடி எல்லாம் உண்டு. வந்த மூன்றாம் வாரமே ஒரு சிஸ்டத்தைக் கொண்டுவந்தார். அதன் பெயர் ஐந்து பூட்டு. எதிரணி நம் பக்கம் வந்ததும், கோல்கீப்பர் போக மற்ற ஐந்து பேரும் ஓடிவந்து வலைக்கு முன்னால் சுவர் எழுப்பி நிற்க வேண்டும். வருகிற வட்டை முழங்காலில், முதுகில், பல்லில், எதில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கோல்கீப்பரிடம் மட்டும் வரக் கூடாது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அணி வரிசையாகத் தோற்றது. வேலையில்லாமல் நின்று நின்று மார்லிஸ் விறைத்துப்போவாள். எப்போதாவது சுவரைத் தாண்டி ஒன்று வரும். அதைக் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை கைக்குச் சொல்வதற்குள் கோல் விளக்கு எரிந்துவிடும்.

"மைனஸ் முப்பதுல வண்டிய வெளியில நிறுத்தி வச்சிட்டு, திடீர்னு சாவியப் போட்டு ஓடுன்னா ஓடுமா?" என்று அன்று கோச்சிடம் கேட்டாள். "கோல்கீப்பரும் அப்படித்தான். எஞ்சின் சூடா இருக்கணும். பூட்டக் கொஞ்சம் தளர்த்துங்க. தூரத்துலேருந்து அடிக்கிறதையாவது எனக்கு விடுங்க."

கோச் வாயைத் திறந்தார். பிறகு கதவு வழியே, ஐஸைச் சமன் செய்யும் வண்டி நிற்கும் பக்கமாக ஒரு தடவை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"முடியாது. பூட்டு பூட்டுதான். பிளே-ஆஃப் வர்றதுக்குள்ள நீங்க சரியாகலேன்னா நான் ரெஜைனாவுலேருந்து ஒரு பொண்ணக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கும். இருபது வயசு. நல்லாத் தடுக்கும்."

மார்லிஸுக்குக் காதெல்லாம் சூடானது. பத்தொன்பது வருஷமாக அவள் நின்ற இடம் அது. வலைக்கு முன்னால் வரைந்த அந்த நீல அரைவட்டத்தில் இன்னொருத்தி நிற்பதை, அவள் உயிரோடிருக்கும்போது, அவளால் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்து கணவன் ஓரெஸ்ட்டிடம் கொட்டித் தீர்த்தாள். ஓரெஸ்ட்தான் எங்கள் ரிங்கில், அதாவது ஐஸ் மைதானத்தில், ஐஸ் போடுகிறவர். ஆட்டத்தின் இடைவேளைகளில் அந்தப் பெரிய வண்டியை ஓட்டி, கீறல் விழுந்த ஐஸைக் கண்ணாடி போல ஆக்குவார். ஊரே அறிந்த வாயில்லாப் பூச்சி. போன குளிர்காலம் ஒரு வட்டு பட்டு மார்லிஸின் தோள் எலும்பு விரிசல் விட்டபோது, அவள் சிரித்துக்கொண்டே வெளியே நடந்து வந்தாள். மயக்கம் போட்டு விழுந்து ஆம்புலன்ஸில் ஏறியவர் ஓரெஸ்ட்.

"போனாப் போகட்டுமே மார்லி," என்றார் அவர் மெல்ல. "அந்தப் பொண்ணு நிக்கட்டும். நீ என்கூட ஐஸ் வண்டியில உக்காந்துக்கோ. ஹீட்டர் இருக்கு."

"யோவ், ஹீட்டர்ல போயி நீ உக்காரு! என் வலைய நான் ஒருத்திக்கும் குடுக்க மாட்டேன்."

அடுத்த ஆட்டத்தில் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்வது என்று முடிவு செய்தாள். வட்டு எதிர்ப்பக்கம் இருக்கும்போதெல்லாம் குதித்தாள், குந்தி எழுந்தாள், இரண்டு கம்பங்களையும் மாறி மாறித் தட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஆடினாள். பார்க்க வந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள். நன்றாக வியர்த்தது, பலனும் தெரிந்தது. ஆனால் ஆடிய ஆட்டத்தில் இடுப்பு இடித்து வலையே ஆணியிலிருந்து கழன்றுகொண்டு பின்னால் போனது. வேண்டுமென்றே செய்ததாக நடுவர் அணியில் ஒருத்தியை வெளியே உட்கார வைத்துத் தண்டனை கொடுத்தார். ஒரு ஆள் குறைந்த பூட்டைத் திறந்துகொண்டு எதிரணி கோல் போட்டது. மீண்டும் தோல்வி.

"ரெஜைனாவுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றார் கோச்.

இனி நேர்வழி உதவாது என்று மார்லிஸுக்குப் பட்டது. தடுப்பாட்டக்காரி ஜோலீனைத் தனியாகப் பிடித்தாள். ஜோலீன் மாட்டுப் பண்ணைக்காரி. கதவைப் போல அகலம். சாப்பாடு என்றால் எதையும் மறப்பாள்.

"ஜோலீன், தூரத்துலேருந்து வர்ற அடியில விழுந்து மறிக்காதே. மறிக்கப் போற மாதிரி போ. ஆனா கொஞ்சம் லேட்டாப் போ."

"ஐயோ அக்கா! கோச் கொன்னுடுவாரு."

"ஒரு தட்டு பெரோகி."

ஜோலீன் யோசித்தாள். "வெங்காயம் வதக்கிப் போட்டா?"

"வெங்காயம், புளிச்ச கிரீம், எல்லாம்."

"கோச் கொன்னா கொல்லட்டும் அக்கா."

உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடிக்கும் கொழுக்கட்டைதான் பெரோகி; எங்கள் ஊரில் அதற்கு மாவு மடிப்பதில் ஓரெஸ்ட்டின் கையை மிஞ்ச ஆளில்லை. எதற்கென்று மார்லிஸ் விளக்கியதும் அவருடைய முகம் சுண்டிப்போனது.

"அப்ப வட்டெல்லாம் உன்மேல வருமே?"

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்! உருளைக்கிழங்க மசி."

அவர் மசித்தார். மசித்தபடியே உப்பை அள்ளி அள்ளிப் போட்டார். மார்லிஸ் கவனிக்கவில்லை. ஜோலீன் தின்றபோதுதான் தெரிந்தது.

"அக்கா, இது கடல்ல வெந்த மாதிரி இருக்கு," என்றாள் ஜோலீன். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டாள்.

"கை தவறிடுச்சு," என்றார் ஓரெஸ்ட். பாவம், வயதாகிறது, கண்ணும் சரியில்லை போல என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

அன்றைய ஆட்டத்தில் ஜோலீன் உழைத்த உழைப்புக்குக் கணக்கேயில்லை. லேட்டாகப் போகச் சொன்னால், போகவே இல்லை. தாகம் தாங்காமல் தண்ணீர் பாட்டிலைத் தேடி ஓரத்துக்கே ஓடிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் ஒரு லாரி நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. இருபது அடிகள் வந்தன. மார்லிஸ் பத்தொன்பதைத் தடுத்தாள். கைகள் தானாகப் பறந்தன. எத்தனை நாளாயிற்று! ஒரு வட்டை மார்பில் வாங்கியபோது வலியோடு சேர்ந்து சந்தோஷத்தில் கண்ணில் நீரே வந்துவிட்டது. நரிகள் ஜெயித்தார்கள்.

ஜெயித்தும் கோச்சின் முகம் வெளிறியிருந்தது. "யாரு பூட்டத் தொறந்து விட்டது?" என்று கத்தி, ஜோலீனை அடுத்த ஆட்டத்துக்குப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

ஓட்டையை அடைத்துவிட்டாரா? அப்படியானால் வேறு ஓட்டை போட வேண்டியதுதான். மார்லிஸ் இன்னொருத்தியைப் பிடித்தாள். அவள் போதுமா என்று சந்தேகம் வந்து மூன்றாமவளையும், அப்படியே நான்காமவளையும் பிடித்தாள். ஒவ்வொருத்தியிடமும், "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளியில விட்டுடாதே," என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பிளே-ஆஃப் நெருங்குவதற்குள் அணி மொத்தமும் தனித்தனியாக, ரகசியமாக, உப்புக் கரிக்கும் பெரோகி தின்றுகொண்டிருந்தது.

விளைவை எங்கள் ஊர் இன்றைக்கும் பேசுகிறது. எதிரணி வரும்போது ஐந்து பேரும் பாய்வது போல் பாய்ந்து, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தவறவிட்டார்கள். பிறகு ஐந்து பேரும் தண்ணீருக்கு ஓடினார்கள். ஒரு ஆட்டத்தில் ஐம்பதுக்கு மேல் அடிகள். வட்டுகள் ஆலங்கட்டி மழையாகக் கொட்டின. மார்லிஸ் இருபது வயதுக்காரியைப் போலத் தாவினாள், விழுந்தாள், எழுந்தாள், "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். தாக்க வந்து வந்து எதிரணிக்காரிகள் களைத்துப்போக, நம்மவர்கள் கடைசியில் ஒரே ஒரு கோலைப் போட்டுவிட்டு வந்தார்கள். அது போதுமாக இருந்தது. ரெஜைனாப் பெண்ணுக்கு, வர வேண்டாம் என்று போன் போனது.

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் செய்தித்தாளில் என்ன வந்தது தெரியுமா? "ஐந்து பூட்டின் அதிசயம்! இளம் கோச்சின் சிஸ்டம் நரிகளைத் தூக்கி நிறுத்தியது!" பக்கத்தில் வெய்லனின் படம், மூக்குக் கண்ணாடியோடு.

மார்லிஸ் அந்தத் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள். "உடைச்சது நானு, மாலை இவனுக்கா? இறுதி ஆட்டம் முடியட்டும், ஊர் முன்னால வச்சு உரிக்கிறேன்."

"வேண்டாம் மார்லி," என்றார் ஓரெஸ்ட். சில வாரமாகவே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டை தொளதொளத்தது. "அந்தத் தம்பி நல்லவரு. விட்டுடு."

"உனக்கு ரோஷமே கிடையாதாய்யா? உன் பொண்டாட்டிய வேலிக் கம்பத்துக்குக் கீழ பேசினவன் அவன்!"

வின்டன் அணியோடு இறுதி ஆட்டம். ஊரே கதவைப் பூட்டிவிட்டு ரிங்குக்கு வந்தது. வின்டன்காரிகள் அடித்த அடிகளை எண்ணியவர்களுக்கே கை வலித்தது. நாம்தான் முன்னால் இருந்தோம், ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் கோச், "மூடு! மூடு! ஐயோ, மூடுங்கடி!" என்று அலறினார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இந்த ஆளுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று மார்லிஸுக்குப் புரியவில்லை. கடைசி வட்டு அவளுடைய முகமூடியில் மோதி ணங் என்று தெறித்தது. அவள் அசையவில்லை. மணி அடித்தது. நரிகளுக்குக் கோப்பை!

உள்ளூர் வானொலிக்காரர் ஒலிவாங்கியோடு நேராகக் கோச்சிடம் போனார். "ஐந்து பூட்டப் பத்தி நேயர்களுக்குச் சொல்லுங்க!"

"அது வந்து..." என்று கோச் நெளிந்தார்.

"அவரால சொல்ல முடியாது," என்று மார்லிஸ் முகமூடியைத் தூக்கிவிட்டு, ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் சொல்றேன். பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது! பூட்டிக்கிட்டிருந்த வரைக்கும் தோத்தோம். என்னைக்கு நான் பெரோகியக் குடுத்து அத உடைச்சேனோ, அன்னைலேருந்து ஜெயிச்சோம்!"

"எனக்குக் குடுத்தாங்க," என்றாள் ஜோலீன். "உனக்குமா?" என்றாள் அடுத்தவள். "அப்ப எனக்கு மட்டும் இல்லியா?" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

மார்லிஸ் நிறுத்தவில்லை. "கோல்கீப்பரப் பஞ்சுல பொத்தி வச்சா அவ உளுத்துதான் போவா. அடி வரட்டும், வாங்கிக்கத்தானே நிக்கிறேன்! நாப்பத்தொரு வயசாச்சு எனக்கு. என்னைக் காப்பாத்தச் சொல்லி உங்கள யாரு தம்பி கேட்டது? சொல்லுங்க, யாரு கேட்டது?"

கோச் வெய்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூரத்தில் ஓரெஸ்ட் அவசரமாக வண்டியில் ஏறி, ஐஸில் இத்தனை பேர் நிற்பதையும் பார்க்காமல், எஞ்சினை முடுக்கினார். ரிங்கில் காபிக் கடை வைத்திருக்கும் பெர்நெட் கையைத் துடைத்துக்கொண்டே தடுப்புச் சுவரின் மேல் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைய ஏன்டி வையிற? 'என் பொண்டாட்டி மேல ஒரு வட்டு பட்டுச்சுன்னா, மறுநாளே மொத்த ஐஸையும் உருக்கி வாத்து மேய விட்டுடுவேன்'னு உன் புருஷன் என் கடை முன்னால நின்னு மிரட்டினா, பாவம், அது வேற என்ன சிஸ்டம்தான் போடும்?"