முடிவு தெரிந்த பல் டாக்டர்

படம் முடிவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடும் ஓர் இனம் உலகில் உண்டு. அந்த இனத்தை முதன்முதலில் சந்தித்தபோது நான் மல்லாக்கப் படுத்திருந்தேன். கடைவாய்ப் பல்லில் குடைச்சல். சாயங்காலம் படத்துக்குப் போகணும், சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்திருந்தேன். பல் டாக்டர் என் வாயில் பஞ்சை அடைத்து, குழாயைச் சொருகி, துளைக்கும் கருவியைக் கையிலெடுத்த பிறகு சாவகாசமாகச் சொன்னார்: "அந்தப் படமா? கடைசில அண்ணன் செத்துருவான்."

வாய் திறந்து கிடப்பவன் என்ன செய்வான்? "ஆ" என்றேன். வலிக்கிறது போலும் என்று இன்னொரு ஊசி போட்டார்.

பார்க்காத படத்துக்கும் இவர்கள் முடிவு சொல்வார்கள். அதொன்றும் கம்பசூத்திரம் இல்லை. திரையில் முதல் ஆள் தலைகாட்டியதும் "இவன்தான்" என்பது. அடுத்து வருகிறவளைப் பார்த்து "இவளும் கூட்டு" என்பது. தோட்டக்காரர், வக்கீல், வக்கீல் வீட்டுப் பூனை என்று ஒன்றையும் விடாமல் சந்தேகப்பட்டு வைத்து, கடைசியில் யார் மாட்டுகிறாரோ அவரைக் காட்டி, தொடையைத் தட்டி, "எனக்கு அப்பவே தெரியும்" என்பது. மற்றவர்களை வீணாகச் சந்தேகப்பட்டதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

டாக்டரின் மனைவி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி முன்னறையில் டோக்கன் கொடுப்பவர் அவர்தான். கல்யாணமானதிலிருந்து ஒரு படத்தைக்கூட முடிவு தெரியாமல் பார்த்ததில்லை அந்த மகராசி. ஒரே ஒரு கொலைகாரனையாவது தானாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதனால் அந்தத் துப்பறியும் படம் வந்தபோது டிரெய்லர் பார்க்கவில்லை, விமர்சனம் படிக்கவில்லை, பல்வலிக்காரர்கள் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் டோக்கன் இல்லை என்று மிரட்டினார். எல்லாம் செய்து என்ன? "எனக்கும் சேத்து டிக்கெட் போடு" என்றுவிட்டார் டாக்டர்.

தியேட்டரில் இடைவேளைக்குள் டாக்டர் திரையில் இருந்த அத்தனை பேர் மேலும் பழி போட்டுவிட்டு, பாப்கார்ன் வாங்க எழுந்து போனார். முகம் கழுவி வந்த மனைவி, நடைவழியில் ஒரு காட்சியைக் கண்டார். பாப்கார்ன் டப்பாவும் கையுமாக, யாரோ முன்பின் தெரியாதவருக்குக் கொலையை விளக்கிக்கொண்டே, அவர் பின்னாலேயே அடுத்த அரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார் டாக்டர்.

கூப்பிட வாயைத் திறந்தார் மனைவி. பிறகு மூடிக்கொண்டார்.

அடுத்த அரங்கத்தில் ஒரு குடும்பப் படம். தடபுடலாகக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. ஒரு முகமாவது முன்பு பார்த்த முகமா? டாக்டர் அசருவாரா? "நம்மள திசை திருப்புறான் சார்," என்று பக்கத்து இருக்கையின் காதைக் கடித்தார். "மாப்பிள்ளைதான் கொலைகாரன். எழுதி வெச்சுக்குங்க." பக்கத்து இருக்கை எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையோ குழந்தையைக் கொஞ்சினான், மாமனாருக்குக் கால் பிடித்துவிட்டான், ஒரு கொசுவைக்கூட அடிக்காமல் படத்தை முடித்தான்.

வெளியே வந்ததும் டாக்டர் தொடையைத் தட்டினார். "பாத்தியா? நான் சொன்ன மாப்பிள்ளைதான். கடைசி வரைக்கும் என்னா கமுக்கம்!"

மனைவி பார்த்த படத்தில் மாப்பிள்ளையே கிடையாது.

"ஆமாங்க," என்றார். "உங்களுக்கு அப்பவே தெரியும்."

உண்மைக் கொலைகாரன் யார் என்று பிறகு டோக்கன் வாங்கும்போது கேட்டுப் பார்த்தேன். "சொல்ல மாட்டேன், போய்ப் பாருங்க" என்றார். அந்த முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

இப்போதும் இருவரும் சேர்ந்தேதான் படத்துக்குப் போகிறார்கள். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போவது டாக்டர்தான். "மெதுவா வாங்க" என்று மனைவி சொல்லி அனுப்புகிறார்.

அது சரி. டாக்டர் பாப்கார்னுக்கு எழுந்தபோதே அடுத்த அரங்கத்துக்குள்தான் போகப் போகிறார் என்று உங்களுக்கு அப்பவே தெரியுமா? பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் விட்டீர்களா?

அப்படியானால் டாக்டருக்குப் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. போய் உட்காருங்கள்.