இரண்டு பேருக்கு ஒரு படகு

அமுதத்தை எதில் வைத்துக் கடலுக்குக் கூட்டிப்போவது என்பதுதான் செம்பியனுக்கு வந்த முதல் சிக்கல்.

மண்கலயத்தில் வைத்துச் சிவப்புத் துணியால் வாயைக் கட்டினால் பஸ்ஸில் ஏறும்போதே விஷயம் தெரிந்துவிடும். பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார மாட்டான். பிளாஸ்டிக் டப்பாவில் போட மனசு வரவில்லை. இருபத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவளை ஊறுகாய் மாதிரியா கொண்டுபோவது? கடைசியில் பரணிலிருந்து இரண்டடுக்கு டிபன் கேரியரை இறக்கினார். கீழடுக்கில் அமுதம். மேலடுக்கு காலியாக இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்களே என்று எலுமிச்சைச் சாதம் கிளறி வைத்தார். அவர் வாழ்க்கையில் கிளறிய முதல் எலுமிச்சைச் சாதம் அதுதான். உப்பு போட்டாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

தை மாசக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம், “நெஞ்சக் கரிக்குதுங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்த அமுதம் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மச்சான் முன்னால் நின்று புரோகிதரை வைத்து அரசலாற்று முகத்துவாரத்தில் அஸ்தியைக் கரைத்தார். யாரும் பார்க்காத நேரம் பார்த்து, செம்பியன் மட்டும் ஒரு பிடியை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மனைவியின் சாம்பலையே திருடிய மனுஷன் காரைக்காலில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

காரணம் இருந்தது. கல்யாணமான முதல் மாசமே அமுதம் கேட்டாள். மன்னார்குடிப் பக்கத்துப் பெண், கடலை அதற்கு முன் பார்த்ததில்லை. “என்னங்க, காரைக்கால்ல வாக்கப்பட்டுட்டு கடலுக்குள்ள போவலேன்னா எப்படி? ஒரு போட்டு பேசி ஒருநாள் போயிட்டு வருவோம். நீங்களும் நானும் மட்டும்.”

“அதுக்கென்ன, அடுத்த ஞாயித்துக்கிழமை போவோம்” என்றார் செம்பியன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்து ஆபீசில் ஆடிட். அப்புறம் புயல் சின்னம். வானிலை ஆபீஸ்காரர்களே அறிவிக்காத புயலையெல்லாம் செம்பியன் வீட்டுக்குள் அறிவித்திருக்கிறார். உண்மை என்னவென்றால் அவருக்குக் கடல் என்றால் பயம். கடற்கரைக்குப் போனால் சுண்டல் வண்டியைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார். ஆம்பளை அதை எப்படிப் பெண்டாட்டியிடம் சொல்வது?

பதினாலு வருஷம் கேட்டாள். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை. கேட்காமல் விட்டாளே, அதுதான் இந்த இரண்டு மாசமாக அவரைத் தூங்கவிடவில்லை. எவ்வளவு வெறுத்துப்போயிருந்தால் ஒரு பெண் கேட்பதையே விட்டுவிடுவாள்!

இன்றைக்கு எப்படியும் கூட்டிப்போய்விடுவது. அஸ்தி என்று சொன்னால் மச்சான் வருவார், புரோகிதர் வருவார், சங்கு வரும். அவள் கேட்டது காரியம் இல்லையே, சவாரி. நீங்களும் நானும் மட்டும்.

பட்டினச்சேரிக் கரையில் தர்மராஜ் தன் பைபர் போட்டுக்குப் பக்கத்தில் வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மலர்க்கொடி தார்ப்பாயில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாடகை பேசி முடிந்தது.

“எத்தினி பேரு சார்?”

“ரெண்டு பேரு” என்றார் செம்பியன், பழக்கதோஷத்தில்.

“இன்னொருத்தரு எங்க?”

செம்பியன் கேரியரைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். “வர்றாங்க.”

அரைமணி நேரம் மூன்று பேரும் சேர்ந்து யாரும் வராத சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது.

“ஒரு போன் போட்டுப் பாருங்களேன்” என்றார் தர்மராஜ்.

“போன்லாம் எடுக்க மாட்டாங்க. இனிமே அவங்க வர மாட்டாங்க. நான் ஒருத்தன்தான்னு வச்சுக்குங்க.”

சொல்லும்போதே கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. தர்மராஜ் மனைவியைப் பார்த்தார். மலர்க்கொடி கருவாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

“எந்த ஊருண்ணே?”

வீடு இருக்கிற கோவில்பத்தைச் சொன்னால் மச்சான் காதுக்குப் போய்விடும். “நெடுங்காடு” என்றார்.

“கடலுக்குள்ள எவ்ளோ தூரம் போவணும்?”

“கரை கண்ணுக்குத் தெரியாத எடமா போனா நல்லாருக்கும்.”

“நீச்சல் தெரியுமா சார்?” என்றார் தர்மராஜ்.

“தெரியாது. அதுனால என்ன?”

“எத்தினி மணிக்குத் திரும்பணும்?”

“எனக்கென்ன அவசரம்? திரும்பி வந்து என்ன செய்யப்போறேன்?”

ஐயோ, மனுஷன் வாயைத் திறந்தாலே இப்படித்தான்! வேலை இல்லை, லீவு போட்டிருக்கிறேன் என்ற அர்த்தத்தில் அவர் சொன்னார். அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் வேறு. வெள்ளை வேட்டி, மழித்த முகம், தனியாள், கண் கலங்கல், கையில் சாப்பாடு, நீச்சல் தெரியாது, திரும்புகிற யோசனை இல்லை. கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“வூட்டு நம்பரு ஒண்ணு குடுங்கண்ணே. சும்மா, ஒரு பாதுகாப்புக்கு” என்றாள் மலர்க்கொடி.

“வீட்ல யாருமில்லம்மா.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒதுங்கிப்போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். சவாரி வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று செம்பியனுக்குப் பதறியது. அழுமூஞ்சியாக இருந்தால் யார் போட்டு தருவார்கள்? உற்சாகமாகக் காட்டிக்கொள்வோம் என்று முடிவுசெய்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஒரு பாட்டை வேறு முணுமுணுத்தார். கன்னத்தில் கண்ணீர் காயாமல் சிரித்துக்கொண்டே பாடுகிற ஆளைப் பார்த்ததும் மலர்க்கொடி புருஷனை முழங்கையால் இடித்தாள். “நாம மாட்டேன்னா வேற எங்கயாச்சும் போயி விழுந்துடுவாரு. கூட இருந்து பேசிக் கீசித் திருப்பிக் கூட்டியாருவோம்” என்று சொல்லிவிட்டுத் தம்பி சிவபாலனைக் கூப்பிட்டாள்.

சிவபாலன் வந்தான். ஒற்றை ஆளாகப் போட்டைத் தள்ளுகிற உடம்பு. வந்தவன் நேராகச் செம்பியனுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டினான். அதற்கு மேல் இரண்டு மிதவையைக் கட்டினான். அப்புறம் ஒரு கயிற்றை இடுப்பில் சுற்றி, மறுமுனையைப் போட்டின் குறுக்குப் பலகையில் முடிச்சுப் போட்டான்.

“இதெல்லாம் எதுக்குப்பா?”

“எங்க போட்டுல இதான் சார் வழக்கம்.”

“உங்க யாருக்கும் கட்டலியே?”

“நாங்க பழகுனவங்க.”

“சரி, நீங்க எல்லாருமா வர்றீங்க?”

“ஆமாண்ணே, இன்னைக்குன்னு பாத்து எல்லாருக்கும் கடலுக்குப் போவணும் போல இருக்கு” என்றாள் மலர்க்கொடி, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு.

நீங்களும் நானும் மட்டும் என்றவளுக்கு மூன்று பேர் துணை சேர்ந்துவிட்டார்கள். எஞ்சின் உறுமியது. முதல் அலை போட்டைத் தூக்கிப் போட்டதும் செம்பியனுக்கு உயிர் உச்சிக்கு ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அலை உடைகிற இடம் தாண்டியதும் போட்டு கொஞ்சம் அடங்கியது. ஒரு கண்ணைத் திறந்தார். சுற்றிலும் நீலம். வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து மினுங்கியது. இதையா இருபத்துநாலு வருஷம் அவளுக்குக் காட்டாமல் இருந்தோம் என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை. கேரியரின் மேல் குனிந்தார்.

“பாத்தியா, எவ்ளோ அழகு” என்றார் மெதுவாக.

“யாருகிட்டண்ணே பேசுறீங்க?” என்றாள் மலர்க்கொடி.

“சாதத்துகிட்ட” என்றார் செம்பியன். வேறென்ன சொல்வது?

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மூன்று பேருமே கேரியரைப் பார்த்தார்கள். குதிக்கத்தான் வந்திருக்கிறார் என்று இதுவரை நினைத்தவர்களுக்கு இப்போது புதுச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சோற்றில் என்ன கலந்திருக்கிறதோ!

“சார், எங்ககிட்ட ஒரு முறை உண்டு” என்றார் தர்மராஜ். “போட்டுக்குக் கொண்டாந்த சோத்த தனியா திங்கக் கூடாது. மொதப் பிடி கடலுக்கு. அப்புறம் எல்லாருக்கும் பங்கு.”

“அதுக்கென்ன, தாராளமா!” என்று மேலடுக்கைக் கழற்றினார் செம்பியன். ஒரு பிடியைக் கடலில் போட்டார். “எடுத்துக்குங்க.”

யாரும் கை நீட்டவில்லை. “மொதல்ல நீங்க சாப்புடுங்கண்ணே” என்றாள் மலர்க்கொடி.

ஒரு வாய் வைத்தார். உப்பு இல்லை. ஒரு பொட்டு உப்பு இல்லை. அமுதம் இருந்திருந்தால் இப்படி ஒரு சோற்றை நாய்க்குக் கூட வைத்திருக்க மாட்டாள். அந்த நினைப்பில் சோறு தொண்டையில் நின்றுகொண்டது. இருமினார், கண் பிதுங்கியது.

“துப்புங்க! துப்புங்க சார்!” சிவபாலன் முதுகில் அறைந்த அறையில் சாதம் மட்டுமல்ல, பல்செட்டே வெளியே வந்திருக்கும். மேலடுக்குச் சோறு மொத்தத்தையும் அவன் கடலுக்குள் கொட்டினான்.

“ஏம்ப்பா, ஒனக்கென்ன பைத்தியமா?”

“கீழ என்ன சார் வச்சிருக்கீங்க?”

“ஊறுகா.”

“தொறங்க பாப்போம்.”

“அதெல்லாம் ஆகாது. ஏய், தொடாத!”

சிவபாலன் பிடித்து இழுத்தான். செம்பியன் விடவில்லை. இடுப்பில் கயிறு, மேலே மிதவை, கையில் கேரியர், போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. “மாமா, இதுலதான் இருக்கு, தூக்கிப் போட்டுட்டா நிம்மதி” என்று சிவபாலன் ஒரே பிடுங்காகப் பிடுங்கிக் கையை ஓங்கினான்.

“அடேய், அது என் பொண்டாட்டிடா!”

தர்மராஜ் எஞ்சினை நிறுத்திவிட்டார். சிவபாலன் ஓங்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றான். அப்புறம் இரண்டு கையாலும் ஏந்தி, சாமி பிரசாதத்தைக் கொடுக்கிற மாதிரி கேரியரைத் திருப்பிக் கொடுத்தான்.

செம்பியன் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார், இல்லாத புயலைச் சொன்னார், கைக்குட்டையில் முடிந்த பிடியைச் சொன்னார். “நேரமில்ல நேரமில்லன்னு சொன்னேன்ல, அத்தனையும் பொய்யிம்மா. எனக்குப் பயம். இந்தத் தண்ணிய பாத்தா பயம். அத அவகிட்ட ஒருநாளும் சொல்லல. புருஷனுக்கு மனசில்லன்னு நெனச்சுகிட்டே போயிட்டா. கடைசி பத்து வருஷம் கேக்கவே இல்ல. ஒரு தடவ திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.” மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார்.

“செத்துகித்துப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டோம் சார்” என்றார் தர்மராஜ்.

“நானா? இவ்ளோ பயந்தவன் எப்படிய்யா சாவேன்?”

மலர்க்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தர்மராஜ் கயிற்றை அவிழ்த்துவிட்டார். “காத்து அடிக்கிற பக்கம் வேணாம், இங்கிட்டு வந்து உக்காருங்க” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். மூன்று பேரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். போட்டில் கிடைக்கக்கூடிய தனிமை அவ்வளவுதான். செம்பியன் கேரியரைச் சாய்த்தார். ஒரு பிடி சாம்பல், எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? தண்ணீரில் மெல்லப் படர்ந்து, அடுத்த அலைக்குள் கலந்துவிட்டது. “மன்னிச்சுக்க அமுதம், ரொம்ப லேட்டாயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த மூன்று முதுகுகளும் அசையவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மலர்க்கொடி திரும்பினாள். “அக்கா படம் இருக்காண்ணே? ஒரு தடவ பாத்துக் கும்புட்டுக்குறேன்.”

போனில் இருந்த படத்தை எடுத்துக் கொடுத்தார். மலர்க்கொடி வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு புருஷனிடம் நீட்டினாள். தர்மராஜ் பார்த்துவிட்டு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா, என்னாச்சு?” என்றார் செம்பியன்.

“அண்ணே, இது எங்க கோவில்பத்து அக்கா, பத்து வருஷமா மாசி மகத்துக்குச் சாமி பாக்க வந்தா இந்தப் போட்டுல ஒரு சுத்து சுத்தாம வூட்டுக்குப் போனதில்ல, இந்த வருஷம் காணுமேன்னு தேடுனோம், ‘எங்க வூட்டுக்காரருக்குக் கடல்னா பயம், எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனசொடிஞ்சு போயிடுவாரு, யாரும் சொல்லிடாதீங்க’ன்னு எங்க எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தாங்க.”