முன்வரிசைக் குமாஸ்தா

மூன்றாவது ஞாயிறும் அந்த ஆள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் பேனா. பாலகுரு மேடையேறிக் கனைத்தார். அதையும் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

காரைக்கால் வாசகசாலையில் 'பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கியமும் வாழ்வும்' என்று ஆறு ஞாயிறு சொற்பொழிவு. தமிழாசிரியர் பாலகுருவின் ஆயுள் சொத்தே அதில்தான் இருந்தது: ரெயூனியன் தீவுக்குக் கூலியேற்றிப் போன கப்பலைப் பற்றி 1862-ல் கும்மி பாடிய கிளிஞ்சல்மேட்டுக் காத்தமுத்துப் புலவர். உலகம் அறியாத புலவர். எங்கே அகப்பட்டார் என்று மனைவியிடம்கூடப் பாலகுரு மூச்சு விட்டதில்லை. புத்தகம் வருவதற்குள் எவனும் முந்திக்கொள்ளக் கூடாது. 'ஆராய்ச்சியறிஞர்' என்று ரப்பர் ஸ்டாம்பு வேறு செய்தாகிவிட்டது.

"யாருடி அந்த ஆளு?"

"நொத்தேர் ஆபீசுல பத்திரம் எழுதுற செல்லையன்" என்றாள் மனைவி அமுதம்.

"நடராசன் ஏவிவிட்ட ஆளு. என் புலவரத் தூக்கப் பாக்குறான்."

நடராசன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாசகசாலை மூலை மேசையில் முப்பது வருடமாக ஆராய்ச்சி.

"செத்துப்போன புலவரத் தூக்கி என்னங்க பண்ணப் போறாரு?"

நான்காம் ஞாயிறு, அந்தப் பேனா பின்தங்கட்டும் என்று பாலகுரு மூச்சு விடாமல் பேசினார். "வாத்தியாரய்யாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு போல" என்று பாதிக் கூட்டம் எழுந்து போயிற்று. செல்லையன் அசையவில்லை. சாகக் கிடப்பவர் சொல்லச் சொல்ல உயில் எழுதிப் பழகிய கை. ஒரு சொல் சிந்தவில்லை.

ஐந்தாம் ஞாயிறு பாலகுரு தூண்டில் போட்டார். கோட்டுச்சேரி வேலப்பப் புலவர் என்று ஒருவரை மேடையிலேயே பிறப்பித்து, காலராவில் கொன்றும் விட்டார். இந்தப் பெயரை எவன் அச்சில் போடுகிறானோ அவனே திருடன்.

பின்வரிசையில் ஒரு பெரிய மீசை எழுந்தது.

"ஐயா! அவரு எங்க பாட்டனாருக்குப் பாட்டனாருங்க! காலராவுலதான் போனாருன்னு வீட்டுலயும் சொல்லுவாங்க!"

புதன்கிழமை கோட்டுச்சேரியே மாலையோடு வந்துவிட்டது.

"நினைவுக்கல்லு நடுறோம். கல்லுல வெட்ட அவரு பாட்டு ஒண்ணு குடுங்க."

பாலகுரு கதவைச் சாத்திக்கொண்டு வெண்பா எழுத உட்கார்ந்தார்.

"ஏங்க, ஆராய்ச்சிங்கிறது இதுதானா?"

"நடுவுல பேசாத. எதுகை ஓடிரும்."

வெள்ளிக்கிழமை கிளிஞ்சல்மேட்டிலிருந்து நாலு பேர் முறைத்துக்கொண்டு வந்தார்கள்.

"அவங்களுக்குக் கல்லு, எங்களுக்கு இல்லியா? ஊருல கெழங்கட்டை அத்தனையையும் கேட்டாச்சு. காத்தமுத்துப் புலவர ஒருத்தருக்கும் தெரியலீங்களே!"

"அதுதான்யா ஆராய்ச்சி! தெரிஞ்சிருந்தா நான் எதுக்குக் கண்டுபிடிக்கணும்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். போன விதம் பாலகுருவுக்குப் பிடிக்கவில்லை. இதுவும் நடராசன் வேலைதான்.

ஆறாம் ஞாயிறு, கூட்டம் தொடங்குமுன் வாசகசாலை வாசலிலேயே செல்லையனின் நோட்டைப் பாலகுரு எட்டிப் பிடித்தார்.

"யாருக்காகய்யா எழுதுற? உண்மையச் சொல்லு!"

"நடராசன் ஐயாவுக்குங்க."

"பாத்தியா! நான் கண்டுபிடிச்ச புலவரத் திருடத்தானே?"

செல்லையன் நிதானமாகப் பேனாவை மூடினார்.

"அவரு எதுக்குங்க திருடணும்? வாசகசாலையில தன் குறிப்பெல்லாம் களவு போகுதேன்னு, காத்தமுத்துப் புலவருன்னு இல்லாத ஒருத்தர அவரேதான் எழுதி அலமாரியில வச்சாரு. எவன் அத மேடையில ஏத்துறானோ, ஒரு வார்த்த விடாம எழுதிட்டு வான்னாரு."