மூக்கர் பொன்ராஜும் மூணு டப்பாவும்

"இனிமே எஞ்சட்டைய நீ மோந்து பாக்கக் கூடாதுமே! சொல்ட்டேன்!"

திங்கட்கிழமை காலங்காத்தால கொருக்குப்பேட்டை மூணாவது தெருவே அதிரும்படி முழங்கினான் பொன்ராஜ். பக்கத்து வீட்டு டோரதி அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்தாள். சட்டையை மோப்பம் பிடிக்கிற பொண்டாட்டி, அதைத் தடுக்கிற புருஷன் என்றால் விஷயம் வேறு என்னவாக இருக்கும்? பாவம், அவளுக்கு ஏமாற்றம்தான் மிச்சம். அந்தக் காக்கிச் சட்டையில் எவளுடைய மல்லிப்பூ வாசனையும் இல்லை. ஊர்ச் சாக்கடை வாசனைதான் இருந்தது.

தெருக்கோடியில் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பொன்ராஜ் ஆபரேட்டர். தெருவுக்கு அது 'ப்ளாண்டு'. அங்கே அவனுக்கு 'மூக்கர்' என்று பட்டப்பெயர். வந்ததும் வராததுமாக, "மேடம், காத்து அடிக்கிற மிஷினு மக்கர் பண்ணுது, பாருங்கோ" என்பான். இன்ஜினியர் வினிதா மேடம் போய்ப் பார்த்தால் மிஷின் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். "பொன்ராஜ், உங்க மூக்கு நம்ம மீட்டரையே தூக்கிச் சாப்பிடுது!" என்று மேடம் மெச்சுவாள். அவனும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வான்.

உண்மை என்னவென்றால் அவன் மூக்கு செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. சாக்கடையிலேயே கிடந்து கிடந்து எல்லா வாசனையும் ஒன்றாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. இப்போது அந்த மூக்கு கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான் உதவுகிறது.

வேலை செய்கிற மூக்கு பொண்டாட்டி நீலாவுடையது. காசிமேட்டு ஏலத்தில் கூடைக்கு நாலடி தள்ளி நின்றே, "இது நேத்து ஐஸு, போய் வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டு நடக்கிற மீன்காரி அவள். கல்மண்டபம் மார்க்கெட்டில் அவளிடம் பழைய மீனைத் தள்ளிவிட இதுவரை ஒருவனும் பிறக்கவில்லை. தினமும் சாயங்காலம் புருஷன் சட்டையை ஆணியில் மாட்டியதும் ஒரு மோப்பம். "இன்னாய்யா, அழுவுன முட்ட நாத்தம் அடிக்குது? காத்து பத்தலபோலக்கீது." மறுநாள் காலை அதுவே ப்ளாண்டில் மூக்கரின் அருள்வாக்கு.

அப்படிப்பட்ட மூக்கை எதற்குத் தள்ளிவைக்க வேண்டும்?

ப்ளாண்டைப் பெரிசாக்கப் போகிறார்கள். வெளியே விடுகிற தண்ணீர் இன்னின்ன சுத்தத்தில் இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம். அதோடு, பேட்டையில் முளைத்த அடுக்குமாடிகளெல்லாம் நாள் தவறாமல் அனுப்பி வைக்கும் சரக்கைப் பழைய தொட்டிகளால் தாங்க முடியவில்லை. சரி, கட்டட்டும். ஆனால் வடிகட்டின சேற்றைக் காயவைக்கும் கொட்டகையை மூணாவது தெரு சுவரை ஒட்டி வரைபடத்தில் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கூட்டம் சுமுகமாக முடிந்தால், புது ப்ளாண்டின் சூப்பர்வைசர் பதவிக்கு உங்கள் பெயரைத்தான் எழுதப்போகிறேன் என்று மேடம் பொன்ராஜிடம் சொல்லியிருந்தாள்.

"ப்ளாண்டு பெருசாவட்டும்யா, யாரு வோணான்னது?" என்றாள் நீலா. "கடலுக்குப் போற தண்ணி சுத்தமானா எம்மீனுக்குத்தான் நல்லது. அந்தச் சேத்துக் கொட்டாய மட்டும் அந்தாண்ட ரயில்வே கூட்ஸ் ஷெட்டு பக்கம் தள்ளு, அங்க வூடு வாசல் இல்ல. மேல மூடி போடு."

"அதுக்கெல்லாம் எஸ்டிமேட்ல எடமில்லமே."

"என் வூட்டு சோத்துத் தட்டுல மட்டும் எடம் கீதா?"

"நாத்தமே இல்லன்னு கூட்டத்துல நானே எந்திரிச்சி சொல்லப்போறேன். மூக்கர் சொன்னா முடிஞ்சிது!"

"யாரு மூக்குய்யா அது?"

இந்தக் கேள்வி சுட்டதில் பிறந்ததுதான் அந்தத் திங்கட்கிழமை முழக்கம். ஒன்பது வருஷமாக இவள் மூக்கால் வாழ்ந்தது போதும், இனி ஆம்பளையாகச் சொந்த மூக்கில் நிற்பது என்று பொன்ராஜ் சபதமே போட்டுவிட்டான். நீலா சண்டை பிடிக்கவில்லை. "மோந்து பாக்கக் கூடாது, அவ்ளோதான? செரி" என்று சட்டையை எடுத்தாள். வாளியில் போட்டாள். தண்ணீர் ஊற்றினாள். மூடியைப் போட்டு அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை பொன்ராஜ் தேடினான். "இன்னாமே, எங்க இன்னொரு சட்ட?"

"ஊறுது."

"நாலு நாளாவா?"

"அழுக்கு அப்டி" என்றாள் நீலா, இறாலை உரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமைக்கும் பொன்ராஜிடம் ஒரு திட்டம் இருந்தது. எண்ணூரில் இருக்கும் தங்கச்சி மலருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அண்ணிதான் வந்து தைலம் தேய்க்க வேண்டுமாம் என்று காலையிலேயே கதைவிட்டான். நீலா ஒரு கேள்வி கேட்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அவன் நின்று டாட்டா காட்டினான். இவ்வளவு சுலபமாகப் போகிறாளே என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டிருந்தால் பிழைத்திருப்பான்.

சமுதாயக்கூடம் நிரம்பி வழிந்தது. தலைமை இன்ஜினியர் வந்திருந்தார். மேடம் வரைபடத்தைக் காட்டியதும் மூணாவது தெரு முத்தம்மா எழுந்து, "சேத்த எங்க தலமாட்லயா காயப்போடுவீங்கோ?" என்று கத்தினாள். கூடமே சேர்ந்து கத்தியது. மேடம் கையமர்த்தி, "உங்க தெருக்காரர், எங்க மூக்கர் பொன்ராஜ் சொல்லட்டும்" என்றாள்.

பொன்ராஜ் எழுந்தான். மைக்கைத் தட்டினான். "ஒன்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். சேத்துல நாத்தம்ன்றதே கெடயாது. சும்மா பீதியக் கெளப்பாதீங்கோ!"

"கெடயாதாய்யா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வாசலில் நீலா. கையில் கூடை.

"நீ... எண்ணூருக்குப் போலியா?"

"போனேன். மலரு பேட்மிட்டன் ஆடிகினு இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன். பஸ்ஸு ரெண்டு பக்கமும் ஓடுதுய்யா."

அவள் நேராக மேடைக்கு வந்து மூன்று டப்பாக்களை மேஜைமேல் வைத்தாள். தலைமை இன்ஜினியரைக் கும்பிட்டாள். "ஐயா, ஒண்ணுல மல்லிப்பூ, ஒண்ணுல நெத்திலிக் கருவாடு, ஒண்ணுல சேறு. இவரு மூக்கு ஊரறிஞ்ச மூக்கு. கண்ணக் கட்டிவுடறேன். எது எதுன்னு சொல்லட்டும். செரியா சொல்ட்டாருன்னா, இவரு சொல்றத நாங்க கேட்டுக்கறோம்."

தலைமை இன்ஜினியருக்குக் காலையிலிருந்து கொட்டாவி. இப்போது முகம் மலர்ந்துவிட்டது. "பேஷ்! நடக்கட்டும்."

பொன்ராஜ் மாட்டிக்கொண்டான். மூக்கு செத்த கதை தெரிந்தால் சூப்பர்வைசர் என்ன, இருக்கிற வேலையும் கந்தலாகிவிடும். நீலா துண்டால் அவன் கண்ணைக் கட்டினாள். கட்டும்போதே காதோரம் முணுமுணுத்தாள். "கொட்டாய அந்தாண்ட தள்ளு, மூடி போடுன்னு சொல்றியா? சொல்றன்னா இருமிக் காட்றேன். பூவுக்கு ஒண்ணு, கருவாட்டுக்கு ரெண்டு, சேத்துக்கு மூணு."

"முடியாதுமே" என்று பல்லைக் கடித்தான். "எம்மூக்கே போதும்."

முதல் டப்பா வந்தது. நீலா மூச்சுகூட விடவில்லை. பொன்ராஜ் ஆழமாக இழுத்தான். ஒன்றுமே வரவில்லை. ஆனாலும் ஆம்பளை. "ஆகா!" என்றான். "மல்லிப்பூ! குண்டு மல்லி!"

கூடம் கூரையைப் பிய்த்துக்கொண்டு சிரித்தது. டப்பாவில் நெத்திலிகள் வரிசையாகப் படுத்திருந்தன. "இன்னா மிஸ்டர், இது?" என்று தலைமை இன்ஜினியர் குரல் உயர்ந்தது.

நீலாதான் முந்தினாள். "தப்பில்லீங்கய்யா. நாங்க கடல்காரங்க. எங்க வூட்ல கருவாடுதான் மல்லிப்பூ!"

கைத்தட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த இரைச்சலில் பொன்ராஜ் மெதுவாகச் சொன்னான்: "செரிமே. சொல்லித் தொலைக்கிறேன். இருமு."

இரண்டாவது டப்பாவின் மூடி திறந்தது. முன்வரிசை முழுவதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது. நீலா மூன்று தரம் இருமினாள்.

"சேறு! நம்ம ப்ளாண்டு சேறு!"

தலைமை இன்ஜினியர் எட்டி ஒரு மோப்பம் பிடித்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "யப்பா! அசல் சேறு! முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்குத் தெரியாதா?" மேடமும் கண்ணீரோடு ஆமோதித்தாள்.

மூன்றாவதுக்கு ஒரு இருமல். "மல்லி!" என்றான் பொன்ராஜ். இந்த முறை நிஜ மல்லி.

கட்டை அவிழ்த்துவிட்டு நீலா அவனைப் பார்த்தாள். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்கிற பார்வை. பொன்ராஜ் மைக்கைப் பிடித்தான். "ஐயா, இந்தச் சேத்தச் சுவத்தாண்ட வெச்சா எங்க தெருல ஒருத்தன் நிம்மதியா சோறு துன்ன முடியாது. கொட்டாய கூட்ஸ் ஷெட்டு பக்கம் தள்ளுங்கோ. மூடி போடுங்கோ. மூக்கர் சொல்றேன்!"

"இந்த நாத்தத்துக்கு மூடி போடாம விடறது பாவம்" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து தலைமை இன்ஜினியர். "வினிதா, வரைபடத்தை மாத்துங்க. இந்த மூக்குக்காரரையே சூப்பர்வைசராப் போடுங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பொன்ராஜின் நடையே மாறிவிட்டது. தெருமுனை வந்ததும் புதுச் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார்.

"நீ கேட்டதும் நடந்துச்சு, எனக்கும் போஸ்டு கெடச்சுது. அது ஓகே. ஆனா ஒண்ணு கேக்கறேன், மெய்யச் சொல்லு. எங்க ப்ளாண்டு கேட்டத் தாண்டி ஒரு ஈ நுழையாது. நீ எப்டிமே உள்ள பூந்து சேத்த அள்னே? இனிமே இந்த மாதிரி திருட்டெல்லாம் நான் வுடமாட்டேன், ஆமா!"

நீலா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"உன் ப்ளாண்டுக்குள்ள எவ வந்தா? அது உஞ்சட்டைய ஊற வெச்ச தண்ணிய்யா."