இன்ஸ்பெக்டர் கலக்கிய ரம்

சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் இன்ஸ்பெக்டரை நம்பியவர்கள் சிலர் உண்டு. இன்ஸ்பெக்டர் நம்பிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று பயந்துவிடாதீர்கள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பவர். ஐம்பதுகளில் தேக்கா பக்கம் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில், குடும்பத்தை வேறெங்கோ விட்டுவிட்டு வந்த ஆறு பேர் சேர்ந்து குடியிருந்தோம். அதில் அவர் ஒருவர். பெயரைக் கேட்டால், "எதுக்குக் கேக்குற?" என்பார். ஆகவே கடைசிவரை இன்ஸ்பெக்டர்தான்.

சீனி பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். கோட்டையே எவனாவது கீழே இறக்கிவிட்டால்? அதற்காக டைரியிலும் அளவைக் குறித்து வைப்பார். ஒரு தீபாவளிக்கு நான் அதிரசம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாதியை நீ தின்னு" என்றார். தின்றேன். பத்து நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மிச்சத்தை வாயில் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் குப்பை அள்ளுபவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் சந்து முனைக் குப்பைத் தொட்டி காணாமல் போயிற்று. குப்பைக்கு அடியில் இருந்தது. ஒரு வாரத்தில் பலாத்தோலும் மீன் செதிலும் மழையில் ஊறி, எலிகள் பட்டப்பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி நிதானமாக நடக்க ஆரம்பித்தன. டுரியான் தோலைப் போட்டது யார், கோழிக் குடலைப் போட்டது யார் என்று வீட்டுக்கு வீடு சந்தேகம். இன்ஸ்பெக்டரின் வியாதி சந்து முழுக்கத் தொற்றிவிட்டது.

கடைசியில் எல்லாக் கோபமும் தொழிலாளர்கள் மேல் திரும்பியது. முந்தின நாள் மாடியில் பேசிவைத்தபடி, ஞாயிற்றுக்கிழமை காலை எங்களோடு குடியிருந்த தையல்காரர் சவரிமுத்து ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயி அவனுங்க குவார்ட்டர்ஸ் வாசல்லயே கொட்டுவோம் லா! அப்பத்தான் புத்தி வரும்!"

எல்லோரும் சட்டையைக் கழற்றினோம். நானும்தான். அங்கே பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள், கைகலப்பு வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கழற்றினேன்.

மாடி ஜன்னலில் இன்ஸ்பெக்டர் தலை தெரிந்தது. "மேல வாங்கடா. வெறும் வயித்துல இந்த நாத்தத்தைக் கிண்டுனா வாந்திதான் வரும். மருந்து கலக்கி வெச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தால், எனாமல் வாளி நிறைய ரம்! ஐஸ் கட்டி மிதக்கிறது. இஞ்சி, கிராம்பு, பிழிந்த எலுமிச்சை, கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தைக் காய்ச்சி ஊற்றிய பாகு. வெந்நீர்கூட இரவல் கொடுக்காத மனிதர்!

எங்கள் ஆறு பேரில் ஒருவரான யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர் செல்லத்துரை என் காதோரம் வந்தார். "தம்பி, உதுக்குள்ள என்னவோ கிடக்கு. அவர் முதல் குடிக்கட்டும்."

"நான் குடிக்கிறதில்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பின்ன ரம் ஏது?" என்றார் சவரிமுத்து.

"எதுக்குக் கேக்குற? கப்பல்காரன் ஒருத்தன் பஸ்ஸுல விட்டுட்டு இறங்கிட்டான். ஆபீஸ்ல மாசக்கணக்கா கிடந்துச்சு. யாரும் கேட்டு வரல. என்கிட்டயே குடுத்துட்டாங்க."

சந்தேகம் இரட்டித்தது. போதாததற்கு மூலையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. "நம்ம சினேகிதர்" என்றார் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டருக்குச் சினேகிதரா! "சாதா உடுப்புல வந்த மாத்தா-மாத்தாவா இருக்கும்" என்று சவரிமுத்து முணுமுணுத்தார். போலீஸ் என்றதும் எல்லோரும் சட்டையைத் தேடினோம்.

புது ஆள் ஒரு டம்ளர் மொண்டு ஒரே மூச்சில் குடித்தார். "புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். பத்து நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு குடித்தோம்.

ஆகா! முதல் மிடறில் இஞ்சி மூக்கைத் திறந்தது. இரண்டாவது மிடறில் நாற்றம் மலேயா எல்லையைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது டம்ளரில் செல்லத்துரை தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார்.

புது ஆள் அவரைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, இருமல் மருந்து பாட்டில் இப்ப வர்றதில்லையே, சுகமாயிருச்சா? தையக்காரரே, போன மாசம் நீலத் துணி நிறைய வெட்டுனீங்க போல."

பாட்டு நின்றது. டம்ளரும் நின்றது.

"யாருய்யா நீ?" என்றார் சவரிமுத்து.

"கருப்பையா. பத்து வருஷமா உங்க சந்துக் குப்பைய நான்தானே அள்ளுறேன்."

தினமும் காலையில் எதிரே வந்த மனிதர். கூடையைத்தான் பார்த்திருக்கிறோம், முகத்தைப் பார்த்ததில்லை.

"வண்டி வரப்போவுதுன்னு நேத்தே இவரு வந்து சொன்னாரு" என்றார் கருப்பையா. "எங்க ஆளுங்க கம்போட நிக்கிறாங்க. மண்டை உடையறதுக்கு முன்னாடி ஒரு தடவ பேசிப் பாருன்னு கூட்டியாந்தாரு. எனக்கு மூணு பொண்ணுங்க அங்க இருக்கு."

சவரிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "வேற எங்கண்ணே கொட்டலாம்?" என்று கேட்டார்.

வண்டி வேறு திசையில் போயிற்று. ஆற்றோரம் காலி நிலத்தில் குழி வெட்டினோம். கருப்பையா பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். "நான் ஸ்ட்ரைக்ல இருக்கேன், ஒரு துரும்பைத் தொட மாட்டேன். ஆனா வாய்க்கு ஸ்ட்ரைக் இல்ல. கிளார்க்கரையா, முதுகை வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க!"

இன்ஸ்பெக்டரோ ஒரு குச்சியால் ஒவ்வொரு தோலாகப் புரட்டி விசாரணை நடத்தினார். டுரியான் தோலைச் சுற்றியிருந்த தாளில் ஏதோ எழுத்து தெரிந்தது. ஆவலோடு பிரித்தார். அவருடைய டைரித் தாள்! சீனி அளவுகூட இருந்தது.

"எவனோ என்னை மாட்டிவிடப் பாக்குறான்" என்று சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

அறுபதுகளில் ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்ததும், அவருக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. சாமான்களை லாரியில் ஏற்றியாயிற்று. அவர் மட்டும் ஏறவில்லை. மாடி ஆட்களை வரிசையாக நிறுத்தி முகம் முகமாகப் பார்த்தார்.

"ஒருத்தன் குறையுறான்."

லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

"அவன் வராம வண்டி நகராது" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாடிப்படிக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.