டோப்கா விளையாடத் தொடங்கிவிட்டாள்

ப்ளோவ்டிவ்

அன்புள்ள ரொசிட்சா அக்காவுக்கு,

தங்கை நெவேனா எழுதிக்கொள்வது. நான் நலம். குளியலறைக் குழாய் நலமில்லை. வியன்னாவில் நீயும் அத்தானும் குளிருக்கு ஈடுகொடுத்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி விஷயம். உன் பூனை விளையாடுகிறாள்! "சோர்ந்து கெடக்குற பூனைய அவ்வளவு தூரம் கொண்டுபோகக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. பழையபடி விளையாட ஆரம்பிச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஜனவரியில் என்னிடம் விட்டுவிட்டுப் போனாயே, அன்று முதல் டோப்கா அலமாரிக்கு அடியிலேயே கிடந்தாள். நீ பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய சாமான்களை எல்லாம் காட்டிப் பார்த்தேன். பேட்டரி எலி நேராகப் போய் அவள் மூக்கில் முட்டியது. வாசலில் வந்து நிற்கும் இன்சூரன்ஸ்காரரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இறகுக் குச்சியை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன், கொட்டாவி விட்டாள். ஏறி விளையாடும் மூன்றடுக்குக் கோபுரத்தில் இப்போது என் துணிகள் காய்கின்றன.

மார்ச் முதல் தேதி எதிர்வீட்டு இலியானா என் மணிக்கட்டில் வழக்கம்போல வசந்தத்தை வரவேற்கும் மார்த்தெனிட்சா நூலைக் கட்டிவிட்டாள். அந்தச் சிவப்பு வெள்ளை நூலின் குஞ்சம் சூப்பில் விழப்போனதால் கையைச் சட்டென்று மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அலமாரிக்கு அடியில் இரண்டு கண்கள் முழுக்கக் கறுத்தன. பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடியது. அடுத்த நொடி என் கையில் பூனை தொங்கியது.

அக்கா, அப்போதுதான் புரிந்தது. எந்த எலி பூனையைத் தேடி வந்து மூக்கில் முட்டும்? ஓட வேண்டும், ஒளிய வேண்டும், நின்று நடுங்க வேண்டும், சில தடவை பிடிபடவும் வேண்டும். ஆகவே தரையில் படுத்துப் பழகினேன். ஒரு நாள் சோபாவுக்குப் பின்னால் நூலை இழுத்தபடி நான் குப்புறக் கிடந்தபோது, குழாய் பார்க்க உள்ளே வந்த கீழ்வீட்டு கொஸ்தோவ் பதறிப்போய், "டீச்சர், விழுந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லங்க, நான் இப்ப எலி. கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்க."

மனுஷர் கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "எலி இவ்வளவு மெதுவாவா ஓடும்? இங்க குடுங்க" என்று நூலைப் பிடுங்கிக்கொண்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது. (பயப்படாதே, நூலை விழுங்கினால் குடலுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் டப்பாவில் மூடிவிட்டு ஒரு துண்டு கோழி கொடுக்கிறேன். வேட்டைக்குப் பிறகு சாப்பாடு வராவிட்டால் அவளுக்குக் கோபம் வருகிறது.)

அதற்குள் முற்றத்து பிளம் மரம் பூத்துவிட்டது. மரம் பூத்ததும் செய்கிற வழக்கப்படி கட்டடத்தில் எல்லோரும் தங்கள் மணிக்கட்டு நூலை அவிழ்த்து ஆளுக்கொரு வேண்டுதலோடு மரத்தில் கட்டினார்கள். ஒரு கிளை என் பால்கனி வரை நீள்வது உனக்குத் தெரியும். டோப்காவுக்கும் தெரிந்துவிட்டது. காற்றில் ஆடிய அத்தனை குஞ்சங்களும் அவளுக்குப் பறவைகள். ஒவ்வொன்றாக அறைந்து கீழே தள்ளினாள். இலியானா முற்றத்திலிருந்து, "நெவேனா, அதை எறக்குடி. அந்தக் கெளையிலதான் என் பொண்ணு கல்யாணம் தொங்குது" என்றாள். தன் முட்டிவலி தீர வேண்டிக் கட்டியிருந்த கொஸ்தோவ் நிதானமாக, "மாப்பிள்ளை கீழ விழுந்து ரொம்ப நேரமாச்சு, பொறுக்கிக்கம்மா" என்றார்.

ஏணி போட்டு எல்லாவற்றையும் நானே திரும்பக் கட்டினேன். எது யாருடைய வேண்டுதல் என்று தெரியவில்லை. இந்த வருடம் கொஸ்தோவுக்குக் கல்யாணம் ஆகலாம், இலியானாவின் பெண்ணுக்கு முட்டிவலி தீரலாம். திட்டிவிட்டுப் போனவர்களே மறுநாள் டோப்காவுக்கு விளையாட்டுக் காட்ட ஆளுக்கொரு கயிற்றோடு வந்தார்கள். பள்ளி விட்டு வந்தால் வீடு முழுக்க ஆட்கள், எல்லோரும் தரையில். இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசி எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

சரி, பேச்சு பேச்சாக இருக்கட்டும். டோப்கா தேறிவிட்டாள். ஈஸ்டருக்கு வந்து அழைத்துப் போ. கூடையைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டேன். அத்தானைக் கேட்டதாகச் சொல். இந்த வசந்தம் உங்கள் இருவருக்கும் நல்லதையே கொண்டுவரட்டும்.

உன் தங்கை,
நெவேனா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் பார்த்தேன், டோப்கா மறுபடியும் அலமாரிக்கு அடியில் அசையாமல் கிடக்கிறாள். பாவம், சரியான சோர்வு. பயணம் தாங்காது. கொஸ்தோவும் பார்த்துவிட்டு அதையேதான் சொல்கிறார். ஈஸ்டருக்கு நீ மட்டும் வா. இந்தத் தாளின் ஓரம் பல் பதிந்து கிழிந்திருப்பதைப் பார்த்து எதையும் நினைத்துக்கொள்ளாதே. அதைக் கடித்தது நான்தான்.